மூளையில் ரத்தக் கசிவு: பிராண வாயுக் கூண்டு எழுந்து நடக்க வைக்குமா?

படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடக்கிறார். பேச்சு நின்றுபோனவர் பேசுகிறார். "பிராண வாயுக் கூண்டுக்குள் 40 நாள் படுத்தார். குணமாகிவிட்டார்" என்று விளம்பரம் சொல்கிறது.

இந்த மாதிரி விளம்பரங்கள் இப்போது செல்போனில் நிறைய வருகின்றன. வெளிநாட்டுப் படம் வருகிறது. உள்நாட்டுப் படமும் வருகிறது. வீட்டில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிந்து, ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தால் மனம் என்ன பாடுபடும்? நகையை விற்றாவது அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றும்.

போகலாமா? பலன் உண்டா? அதில் ஆபத்து ஏதும் இல்லையா?

5 வயதுச் சிறுவன்

2025-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டிராய் என்ற ஊர். அங்கே ஒரு நிலையத்தில் 5 வயதுச் சிறுவன் ஒருவனை பிராண வாயுக் கூண்டுக்குள் படுக்க வைத்திருந்தார்கள். கூண்டு முழுவதும் பிராண வாயு. திடீர் என்று உள்ளே தீப்பிடித்தது. சிறுவன் அங்கேயே இறந்துபோனான். பக்கத்தில் நின்ற தாய்க்கும் கைகளில் காயம்.

அந்தச் சிறுவனுக்கு உயிர் போகிற நோய் எதுவும் இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, ஓர் இடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு ஆகியவற்றுக்காக அழைத்துச் சென்றார்கள் என்று குடும்பத்தின் வக்கீல்கள் சொன்னார்கள். மார்ச் மாதத்தில் அந்த நிலையத்தைச் சேர்ந்த 4 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

இந்தச் செய்திக்குப் பிறகு உலகம் முழுவதும் ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் கூண்டு எந்த எந்த நோய்க்கு உண்மையிலேயே மருந்து? எந்த எந்த நோய்க்கு வெறும் விளம்பரம்?

மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களின் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்க்காலும் வயலும்

மனிதனின் மூளை சுமார் 1 கிலோ 400 கிராம் எடை உள்ளது. உடம்பின் எடையில் 100-ல் 2 பங்குதான். ஆனால், உடம்பு செலவழிக்கும் பிராண வாயுவில் 5-ல் 1 பங்கு மூளைக்கே போகிறது. ஆள் சிறியவர், சாப்பாடு பெரிது!

அந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோவது ரத்தம். ரத்தம் போகாவிட்டால் சில நிமிடங்களில் மூளையின் அணுக்கள் சாகத் தொடங்குகின்றன. இதைத்தான் பக்கவாதம் என்கிறோம்.

பக்கவாதத்தில் 2 வகை உண்டு. வாய்க்காலில் மண் அடைத்துக்கொண்டால் வயல் காய்ந்துபோகும். வாய்க்காலின் கரை உடைந்தால் வயல் மூழ்கிப்போகும். இரண்டிலும் பயிர் சேதம்தான். மூளையிலும் அப்படித்தான். ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படுவது ஒரு வகை. குழாய் வெடித்து ரத்தம் வெளியே கொட்டுவது இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம். ஆனால், கசிவு அதைவிடக் கொடியது. மூளைக்குள் ரத்தம் கொட்டியவர்களில் 10 பேரில் 4 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கொடுமை? மண்டை ஓடு எலும்பால் ஆன பெட்டி. அது விரியாது. உள்ளே ரத்தம் தேங்கினால் மூளையைத்தான் நசுக்கும். அதோடு, கசிந்த ரத்தத்தைச் சுற்றி வீக்கமும் உண்டாகும்.

வெளியே பார்த்து இது அடைப்பா, கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய டாக்டராக இருந்தாலும் முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது 1971-ம் ஆண்டு, இங்கிலாந்தில். அதற்கு முன்பு டாக்டர்கள் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்லலாம்.

அதனால்தான், வாய் கோணியதும் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். அடைப்புக்கு அது உதவும். கசிவாக இருந்தால், ரத்தம் உறைவதைத் தடுத்துக் கசிவை அதிகப்படுத்திவிடும்.

ரூஸ்வெல்ட்டின் கடைசி நாள்

கசிவுக்கு முக்கியமான காரணம் ரத்தக் கொதிப்பு.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நடந்தது இதுதான். 1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் உள்ள தன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஓவியர் ஒருவர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார். பின் தலையில் தாங்க முடியாத வலி என்றார். தலை சாய்ந்தது. டாக்டர் ஓடி வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். 300-க்கு மேல் இருந்தது! சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது பல ஆண்டுகளாக டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால், அதை அடக்க அந்தக் காலத்தில் நல்ல மாத்திரை இல்லை. உலகப் போரையே நடத்தியவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. "உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்று அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஏராளம்.

வேறு காரணங்களும் உண்டு. பிறவியிலேயே சிலருக்கு மூளையில் ரத்தக் குழாய்கள் நூல் சிக்கு போலப் பின்னிக் கிடக்கும். சிலருக்குக் குழாயில் ஓர் இடம் பலூன் போல உப்பியிருக்கும். வயதானவர்களுக்குக் குழாயின் சுவர் நைந்துபோவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

செனட் சபையே காத்திருந்தது

கசிவில் இருந்து உயிர் பிழைத்தவர் மறுபடியும் பழையபடி ஆக முடியுமா? இதற்கு ஒரு செனட்டரின் கதையைச் சொல்லலாம். உலகமே அதைக் கவனித்தது.

2006-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. அமெரிக்க செனட் சபை உறுப்பினர் டிம் ஜான்சன், தெற்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர், நிருபர்களோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 59. பேச்சு தடுமாறியது. வார்த்தை வரவில்லை. வாஷிங்டனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறவியிலேயே பின்னிக் கிடந்த ரத்தக் குழாய் ஒன்று மூளையில் வெடித்திருந்தது. அவசர ஆபரேஷன் நடந்தது.

அடுத்த மாதம் கூடவிருந்த புதிய செனட் சபையில் அவருடைய கட்சியின் பக்கம் 51 பேர். எதிர்ப் பக்கம் 49 பேர். அவர் இறந்தால், மாநில கவர்னர் தன் கட்சிக்காரரை அந்த இடத்தில் நியமிக்கலாம். கவர்னர் எதிர்க்கட்சி! 50-க்கு 50 ஆகிவிடும். துணை ஜனாதிபதி செனியின் ஓட்டு எதிர்ப் பக்கம் விழும். ஆட்சி மன்றமே கை மாறும். ஒரு மனிதரின் மூளையில் ஓடும் ரத்தத்தில் ஒரு நாட்டின் அரசியல் தொங்கியது.

ஜான்சன் பிழைத்தார். ஆனால் வலது கை, வலது கால் பலம் இழந்தன. பேச்சு குழறியது. (மூளையின் இடப் பக்கம் உடம்பின் வலப் பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப் பக்கத்தில்தான் இருக்கிறது.) அவர் மாதக் கணக்கில் பயிற்சி எடுத்தார். நிற்கக் கற்றார். நடக்கக் கற்றார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லக் கற்றார்.

2007-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி செனட் சபைக்குத் திரும்பி வந்தார். சுமார் 9 மாதம் ஆகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு சொந்த மாநிலத்தில் மக்கள் முன்பு பேசும்போது, தன் மூளை வாயைவிட வேகமாக வேலை செய்வதாகவும், அது மற்ற உறுப்பினர்களுக்கு இல்லாத வசதி என்றும் வேடிக்கையாகச் சொன்னார்.

2008-ம் ஆண்டு தேர்தலில் நின்றார். எதிரி கேலி செய்யவில்லையா, ஜனங்கள் தயங்கவில்லையா என்று கேட்கலாம். 100-க்கு 62 ஓட்டு வாங்கி ஜெயித்தார்! பிறகு பாங்கி விவகாரக் கமிட்டிக்குத் தலைவராகவும் இருந்தார். 2015-ல்தான் பதவியை விட்டார். 2024-ம் ஆண்டு அக்டோபரில், 77-வது வயதில் காலமானார்.

அவருடைய பேச்சு கடைசி வரை மெதுவாகவே இருந்தது. வலது கையும் முழுதாகத் திரும்பவில்லை. "முழுக் குணம்" என்று விளம்பரம் சொல்வது வேறு. உண்மையில் நடப்பது இதுதான். குறை இருக்கும், வாழ்க்கையும் இருக்கும்.

தாய் மறுபடியும் ஆசிரியை ஆனாள்

ஜான்சனுக்கு நல்ல வசதி இருந்தது. இன்னொரு கதையில், தாய்தான் வசதி.

ஜில் போல்ட் டெய்லர் ஒரு மூளை விஞ்ஞானி. அமெரிக்கப் பெண். 1996-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, 37-வது வயதில், அவருடைய சொந்த மூளையின் இடப் பக்கத்திலேயே ரத்தம் கொட்டியது. மூளையைப் பற்றிப் பாடம் சொன்னவருக்கு, டெலிபோனில் எண்களைப் பார்த்து அழுத்தக்கூட முடியவில்லை. எழுத்து தெரியவில்லை. பேச்சு புரியவில்லை.

ஆபரேஷனில் சிறு எலுமிச்சம்பழம் அளவு ரத்தக் கட்டியை எடுத்தார்கள். பிறகு தாய் வந்து கூட இருந்தார். பெற்ற மகளுக்கு, குழந்தைக்குச் சொல்லித்தருவது போல, மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லித்தந்தார். முழுதாகத் தேற 8 ஆண்டு பிடித்தது என்று அந்த விஞ்ஞானியே எழுதியிருக்கிறார்.

எட்டு நாள் அல்ல. எட்டு மாதமும் அல்ல.

நல்ல கைக்கு உறை

செத்துப்போன மூளை அணு பிழைத்து எழாது. பிறகு எப்படிக் கை அசைகிறது?

முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றுகிறது. தேங்கிய ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நசுங்கிக் கிடந்த அணுக்கள் தலை தூக்குகின்றன. அதற்கு மேல் நடப்பதுதான் அதிசயம். பக்கத்தில் இருக்கும் நல்ல அணுக்கள், செத்த அணுக்களின் வேலையைப் பழகிக்கொள்கின்றன. பெரிய சாலை உடைந்தால் வண்டிகள் சந்து பொந்துகளில் புகுந்து போகின்றன அல்லவா? போகப் போக அந்தச் சந்தே சாலை ஆகிவிடும். ஆனால் வண்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நூறு முறை. ஆயிரம் முறை.

இதைத்தான் மறுவாழ்வுப் பயிற்சி என்கிறார்கள். கை காலுக்கு பிசியோதெரபி. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பேச்சுப் பயிற்சியாளர். சட்டை போடுவது, சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்க இன்னொருவர்.

அமெரிக்காவில் எட்வர்டு டாப் என்ற விஞ்ஞானி ஒரு விசித்திரமான வழி கண்டுபிடித்தார். கை விழுந்தவர்கள் நல்ல கையையே பயன்படுத்திப் பழகிவிடுகிறார்கள். விழுந்த கை சும்மா கிடந்தே கெட்டுப்போகிறது. ஆகவே நல்ல கைக்கு உறை போட்டுவிட்டார்! விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி உறை கையில் இருக்கும். இரண்டு வாரம், பலம் குறைந்த கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். 222 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. சாதாரண கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்றாக வேலை செய்தது. ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. (விரல் சிறிதாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். அசைவே இல்லாதவருக்கு அல்ல.)

அவசரப்பட்டாலும் ஆகாது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நிறுத்தி, அடிக்கடி நடக்க விட்டால் சீக்கிரம் குணமாகும் என்று பலர் நம்பினார்கள். 5 நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. அவசரமாக நடக்க விட்டவர்களில் 100-க்கு 46 பேர் நன்றாக இருந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு 50 பேர் நன்றாக இருந்தார்கள்! டாக்டர் சொல்வதற்கு முன்பே தாத்தாவைத் தூக்கி நிறுத்துகிற உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிராண வாயு கொடுத்தால் என்ன?

மூளைக்கு பிராண வாயு குறைந்ததால் கேடு வந்தது. அப்படியானால் பிராண வாயுவைக் கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

முதலில் சாதாரணமாக மூக்கில் குழாய் வைத்துக் கொடுப்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 136 ஆஸ்பத்திரிகளில் 8,003 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்து சோதித்தார்கள். கசிவு ஏற்பட்டவர்களும் அதில் உண்டு. சிலருக்கு பிராண வாயு கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுக்கவில்லை. 3 மாதம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. சாவும் குறையவில்லை, ஊனமும் குறையவில்லை. 2017-ல் இந்த முடிவு வந்தது.

ஆகவே இப்போது டாக்டர்கள், விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினால்தான் பிராண வாயு கொடுக்கிறார்கள். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

கூண்டுக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "குடம் நிரம்பியது உண்மை. ஆனால் நாங்கள் அமுக்கி ஊற்றுகிறோம்" என்கிறார்கள்.

அது உண்மைதான். கூண்டுக்குள் காற்றின் அழுத்தத்தை 2 மடங்கு, 3 மடங்கு என்று ஏற்றுவார்கள். 2 மடங்கு என்றால், கடலில் 33 அடி ஆழத்தில் இருப்பது போன்ற அழுத்தம். அப்போது சிவப்பு அணுக்கள் மட்டும் அல்லாமல் ரத்தத்தின் நீரிலேயே பிராண வாயு கரைந்துவிடும். கோலி சோடாவில் வாயுவை அமுக்கி அடைப்பது போலத்தான்.

1960-ல் ஹாலந்து நாட்டு டாக்டர் போரேமா ஒரு சோதனை செய்து காட்டினார். பன்றிகளின் உடம்பில் இருந்து சிவப்பு அணுக்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார். கூண்டுக்குள் 3 மடங்கு அழுத்தத்தில் பிராண வாயு கொடுத்தார். பன்றிகள் உயிரோடு இருந்தன! டாக்டர்கள் அசந்துபோனார்கள்.

இரும்பு உருண்டை ஆஸ்பத்திரி

ஆனால் இந்தக் கூண்டின் சரித்திரத்தில் ஏமாற்றமும் நிறைய உண்டு.

1928-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் கன்னிங்காம் என்ற டாக்டர் ஓர் இரும்பு உருண்டையைக் கட்டினார். விட்டம் 64 அடி. உள்ளே 5 மாடி. அறைகள், கட்டில்கள், சாப்பாட்டு இடம் எல்லாம் உண்டு. பணக்காரர் ஒருவர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அமுக்கிய காற்றில் இருந்தால் நீரிழிவும் புற்று நோயும் போய்விடும் என்று சொன்னார் டாக்டர். ஆதாரம் கொடுங்கள் என்று மருத்துவச் சங்கம் கேட்டது. அவர் கொடுக்கவே இல்லை. சில ஆண்டுகளில் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. உலகப் போரின்போது உருண்டையை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை குறைப் பிரசவத்தில் பிறந்தது. நுரையீரல் சரியாக வளரவில்லை. பாஸ்டன் நகரில் பிராண வாயுக் கூண்டில் வைத்தார்கள். உலகத்தின் பெரிய பதவியில் இருந்தவர் வெளியே காத்திருந்தார். பிறந்து 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது.

இதனால் கூண்டே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. கடலில் மூழ்கி வேலை செய்கிறவர் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் சோடாக் குமிழி போல நைட்ரஜன் கிளம்பும். அதற்குக் கூண்டுதான் கைகண்ட மருந்து. கரியடுப்புப் புகையில் விஷமேறியவருக்கும், சதை அழுகும் சில நோய்களுக்கும், ஆறாத சில சர்க்கரைப் புண்களுக்கும் அது உதவுகிறது. நம் நாட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்காகக் கூண்டுகள் இருக்கின்றன.

இஸ்ரேல் ஆராய்ச்சி

மூளைக்கு?

விளம்பரக்காரர்கள் எடுத்துக்காட்டுவது இஸ்ரேல் ஆராய்ச்சியை. டாக்டர் எப்ராத்தியும் அவருடைய கூட்டத்தாரும் 74 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் பக்கவாதம் வந்து 6 மாதம் முதல் 3 ஆண்டு ஆனவர்கள். அடைப்பும் உண்டு, கசிவும் உண்டு. வாரம் 5 நாள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், 40 முறை கூண்டுக்குள் இருந்தார்கள். அழுத்தம் 2 மடங்கு. கை கால் அசைவிலும் அன்றாட வேலையிலும் முன்னேற்றம் கண்டோம் என்று 2013-ல் எழுதினார்கள். மூளைப் படத்திலும் மாறுதல் தெரிந்தது என்றார்கள். இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. கூண்டுக்குள் போனவருக்குத் தனக்கு வைத்தியம் நடக்கிறது என்று தெரியும். வெளியே காத்திருந்தவருக்குத் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று தெரியும். நம்பிக்கையே பாதி மருந்து. சர்க்கரை மாத்திரையை மருந்து என்று கொடுத்தாலே தலைவலி போகிறது அல்லவா? ஆகவே ஒரு கூட்டத்துக்கு நிஜக் கூண்டு, இன்னொரு கூட்டத்துக்கு அதே போன்ற பொய்க் கூண்டு என்று, யாருக்கு எது என்று தெரியாமல் சோதிக்க வேண்டும். இந்த ஆராய்ச்சியில் அப்படிச் செய்யவில்லை.

அடைப்பு வகைப் பக்கவாதம் வந்த உடனே கூண்டில் வைத்துச் சோதித்த 11 ஆராய்ச்சிகளை 2014-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 705 நோயாளிகள். உயிர் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 2013-லேயே ஜனங்களை எச்சரித்தது. கூண்டு வைத்தியம் நிரூபிக்கப்படாத நோய்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. பக்கவாதமும் மூளைக் காயமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆக, இன்றைய நிலைமை இதுதான். நாளைக்கு நல்ல சோதனை நடந்து பலன் நிரூபிக்கப்படலாம். இன்று நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக வீட்டை அடகு வைப்பது புத்திசாலித்தனமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறைக்கு 3 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 40 முறைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதே பணத்தில் பயிற்சியாளர் எத்தனை மாதம் வீட்டுக்கு வருவார்?

தீயும் வலிப்பும்

ஆபத்துகளும் உண்டு. அழுத்தத்தால் காது வலிக்கும். சில சமயம் செவிப்பறை கிழியும். நுரையீரலில் கோளாறு உள்ளவருக்கு அது சுருங்கிவிடலாம். அதிக பிராண வாயுவே விஷமாகி வலிப்பு வரலாம். கசிவு வந்த மூளைக்கு ஏற்கெனவே வலிப்பு வரும் சுபாவம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தீ. பிராண வாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் வெறி பிடித்தது போல எரிய வைக்கும். 1967 ஜனவரி 27-ந் தேதி அப்போலோ ராக்கெட்டின் அறைக்குள் தரையிலேயே தீப்பிடித்து 3 விண்வெளி வீரர்கள் இறந்தது இதனால்தான். அந்த அறை முழுவதும் பிராண வாயு இருந்தது. 1997 அக்டோபர் 31-ந் தேதி இத்தாலியில் மிலான் நகரில் கூண்டு தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கை சூடாக வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி உள்ளே இருந்ததுதான் காரணம் என்றார்கள்.

ஆகவே டாக்டரே கூண்டு வேண்டும் என்று சொன்னாலும், செல்போன், தலை எண்ணெய், நைலான் துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. வெளியே பழக்கமுள்ள ஆள் நிற்க வேண்டும்.

நம் நாட்டிலும் சோதித்தார்கள்

கசிவுக்கு இப்போது உலகம் ஒப்புக்கொண்ட நல்ல செய்தி ஒன்று உண்டு. அதில் கூண்டு கிடையாது. இந்தியா, இலங்கை உள்பட 10 நாடுகளில் 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட கசிவு நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். சர்க்கரையை அடக்கினார்கள். காய்ச்சலைக் குறைத்தார்கள். ரத்தம் உறையாத மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதற்கு மாற்று கொடுத்தார்கள். புதுமை எதுவும் இல்லை. எல்லாம் பழைய மருந்து. ஆனால் ஒரே நேரத்தில், உடனே கொடுத்தார்கள். இறந்தவர்களும் ஊனமானவர்களும் குறைந்தார்கள். 2023-ல் இந்த முடிவு வந்தது.

இன்னொரு சோதனை இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. நோயாளிகள் 1,250 பேர். வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, அவர்களே வீட்டில் செய்யும்படி அனுப்பினார்கள். பயிற்சியாளர் கிடைக்காத நாட்டுக்கு நல்ல யோசனைதான். ஆனால் 2017-ல் வந்த முடிவு ஏமாற்றம் தந்தது. வழக்கமான கவனிப்பைவிட இதில் கூடுதல் பலன் இல்லை.

குடும்பம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பாசம் மட்டும் போதாது, பழகிய கையும் வேண்டும் என்று அர்த்தம். படித்த பயிற்சியாளரின் வேலை முழுவதையும் மருமகள் தலையில் கட்டிவிட்டு, "சரியாகச் செய்யவில்லை" என்று அவளையே குறை சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அது அநியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கீழே விழுந்தால், பேச்சு குழறினால், மண்டை வெடிப்பது போலத் திடீர் வலி வந்தால், உடனே 108-க்கு டெலிபோன் செய்ய வேண்டும். சோடா, காப்பி, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நேரே நுரையீரலுக்குள் போகும். அங்கே சீழ் பிடித்து இறந்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியிலும், விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே கஞ்சி கொடுக்க வேண்டும்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு கழன்றுவிடும். கைக்கு அடியில் தலையணை வைத்துத் தாங்க வேண்டும். படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும்.

பக்கவாதம் வந்தவர்களில் 3 பேரில் ஒருவருக்கு மனச் சோர்வும் வருகிறது. அழுவார், சாப்பிட மாட்டார், பயிற்சிக்கு வர மாட்டார். "அப்பாவுக்குப் பிடிவாதம்" என்று வீட்டில் நினைப்பார்கள். அதுவும் நோய்தான். அதற்கும் மருந்து உண்டு.

பேச்சு போனவருக்கு அறிவு போய்விட்டது என்று நினைத்து, அவர் எதிரிலேயே சொத்து விவகாரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பல பேருக்கு வார்த்தைதான் வராது. கேட்பது எல்லாம் புரியும்.

முதல் 3 மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த 3 மாதத்தை, எந்த ஊரில் என்ன கூண்டு இருக்கிறது என்று அலைந்து தீர்த்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியபோது, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு, வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதையும் அதில் சேர்த்தார்கள். இது பல குடும்பங்களுக்குத் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, பயிற்சிக்கு எங்கே வர வேண்டும், எந்தக் கிழமை, யார் வருவார்கள் என்பதை டாக்டரிடம் கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.